உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா?

வாசகர் கடிதம்:

"ஆடிட்டர் ஐயாவுக்கு வணக்கம். திருப்பூரில் நானும் என் வீட்டுக்காரரும் பதினாறு மெஷின் போட்டு பவர் டேபிள் யூனிட் நடத்தி வருகிறோம். ஐந்து வருஷமாகப் பெரும்பாலும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத்தான் தைக்கிறோம். துணியும் கட்டிங்கும் அவர்களுடையது, தையல் கூலி மட்டும் எங்களுக்கு. செப்டம்பர் நடுவில் இருந்து டிசம்பர் வரை போட்ட பில்களில் கூலி 10 லட்சம், ஜிஎஸ்டி 50 ஆயிரம், மொத்தம் பத்தரை லட்சம் இன்னும் வரவில்லை. ஜிஎஸ்டியை மட்டும் நாங்கள் மாதாமாதம் கட்டிவிட்டோம். சனிக்கிழமை சம்பளத்துக்கு நகையை அடகு வைத்துச் சமாளிக்கிறோம். கேட்டால், அமெரிக்கா வரி போட்டதில் பையரிடம் பணம் நிற்கிறது என்கிறார்கள். ஆர்டர் தாளிலேயே 90 நாள் என்று இருக்கிறதே என்று காட்டுகிறார்கள். போன மாதம் திடீரென்று, பாக்கியில் 1 லட்சத்து 12 ஆயிரத்தைப் பிடித்துக்கொள்வதாக டெபிட் நோட் வந்தது. அக்டோபரில் கொடுத்த டீ ஷர்ட்டில் எண்ணெய்க் கறையாம், அளவு குறைவாம். இப்போது அக்கவுண்ட்ஸில் ஒரு படிவம் கொடுத்து, 'எங்கள் யூனிட் எம்எஸ்எம்இ இல்லை' என்று கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் உத்யம் பதிவை ரத்து செய்யுங்கள், அப்படியானால்தான் ஏப்ரலில் ஆர்டர் என்கிறார்கள். 2022-ல் பதிவு செய்தது. ரத்து செய்யலாமா? கேஸ் போட்டால் பணம் வருமா, உள்ள பிழைப்பும் போய்விடுமா? 2021-ல் வேறொரு கம்பெனி 1 லட்சத்து 80 ஆயிரம் தராமல் விட்டுவிட்டது, அதைக் கேட்க முடியுமா? பக்கத்து யூனிட்காரர் பதிவே செய்யவில்லை, அவருக்கு ஏதாவது வழி உண்டா?"

பெயர் வேண்டாம், திருப்பூர்.

சகோதரிக்கு வணக்கம்.

ரத்து செய்யாதீர்கள். அந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை எல்லாம் பொறுமையாகப் பார்க்கலாம், இந்த இரண்டையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உத்யம் என்பது எம்எஸ்எம்இ-களுக்கான, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு. இத்தனை வருஷமாக உங்கள் உத்யம் நம்பரைப் பற்றிக் கவலைப்படாத கம்பெனி இப்போது ஏன் கவலைப்படுகிறது? வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவு 2023 நிதிச் சட்டத்தில் சேர்ந்தது. 2023-24 கணக்கு ஆண்டில் இருந்து அது நடப்பில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எம்எஸ்எம்இடி சட்டம் (குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம்) சொன்ன கெடுவுக்குள் தராவிட்டால், தர வேண்டியவர் அந்தத் தொகையை அந்த வருஷ வருமானத்தில் செலவாகக் கழிக்க முடியாது. பணம் உண்மையிலேயே கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். வேறு சில பாக்கிகளுக்கு, ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் சரி என்ற சலுகை உண்டு. இந்தப் பிரிவுக்கு அது கிடையாது. கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 இரவு கணக்கில் நின்றால் நின்றதுதான்.

உங்கள் பாக்கியை வைத்தே கணக்குப் போடுகிறேன். ஜிஎஸ்டியை அவர்கள் தங்கள் ஜிஎஸ்டியில் கழித்து கிரெடிட் எடுத்திருப்பார்கள், அதை விட்டுவிடுங்கள். கூலி 10 லட்சம். அந்தக் கம்பெனி 22 சதவீத வரித் திட்டத்தில் இருந்தால் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 25.17 சதவீதம் வருகிறது. அதாவது உங்களுக்குத் தராமல் வைத்திருக்கும் பத்து லட்சத்துக்காக இந்த வருஷம் அவர்கள் இரண்டரை லட்சம் ரூபாய் கூடுதலாக வரி கட்ட வேண்டும். அடுத்த வருஷம் உங்களுக்குக் கொடுத்த பிறகு அது திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் கையில் காசில்லை என்று உங்களிடம் சொல்பவர் வருமான வரித் துறைக்கு மட்டும் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? உங்களைப் போல அவர்களுக்குத் தைப்பவர், பிரிண்டிங் போடுபவர், எம்ப்ராய்டரி செய்பவர் எத்தனை பேரோ, எல்லாப் பாக்கியையும் கூட்டிப் பாருங்கள்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2025 ஏப்ரல் 1 முதல் எம்எஸ்எம்இ வரம்புகளை உயர்த்திவிட்டார்கள். குறு நிறுவனத்துக்கு விற்றுமுதல் 5 கோடியாக இருந்தது 10 கோடி ஆனது, சிறு நிறுவனத்துக்கு 50 கோடி 100 கோடி ஆனது. நீங்கள் முன்பும் குறு, இப்போதும் குறு, உங்களுக்கு மாற்றமில்லை. ஆனால் நேற்றுவரை 'நடுத்தரம்' என்று இந்தச் சட்டத்துக்கு வெளியே நின்ற பெரிய டையிங், நிட்டிங் ஆலைகளில் சில இப்போது 'சிறு' கணக்கில் உள்ளே வந்துவிட்டன. கம்பெனியின் ஆடிட்டர் பாக்கிப் பட்டியலைப் பார்த்துத் தலையில் கை வைத்திருப்பார். அதன் விளைவுதான் உங்கள் கைக்கு வந்த படிவம்.

எங்கள் தொழிலில் இருந்துகொண்டே இப்படி ஒரு படிவத்தை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு வருத்தம்தான். பதிவு இருக்கும்போது 'இல்லை' என்று எழுதிக் கொடுப்பது பொய். நாளைக்கு நீங்கள் பணத்துக்காக எங்கே போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். ரத்து செய்வது அதைவிட மோசம். உங்கள் பேங்க் கடன் எம்எஸ்எம்இ கணக்கில் இருந்தால் அதற்கு அடிப்படையே உத்யம்தான். மறுப்பதற்கும் அதையே காரணமாகச் சொல்லலாம்: "லோன் இதில்தான் இருக்கிறது சார், ரத்து செய்தால் பேங்கில் கேள்வி கேட்பார்கள்." சண்டை போடாமல் மறுக்க இது போதும், கடன் இருந்தால் உண்மையும்கூட.

இனி அந்த 90 நாள். எம்எஸ்எம்இடி சட்டம் 2006-ல் வந்தது. அதன் 15-வது பிரிவு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், ஆனால் எப்படியும் 45 நாளுக்கு மேல் போகாமல், பணம் தர வேண்டும் என்கிறது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். ஆர்டர் தாளில் 90 என்று அச்சடித்திருந்தாலும், 180 என்று அச்சடித்திருந்தாலும், அது 45-ஆகத்தான் படிக்கப்படும். வேறு சட்டத்தில் இதற்கு முரணாக எது இருந்தாலும் இதுதான் மேலே நிற்கும் என்று 24-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கவலை வேண்டாம்.

45 நாள் எந்தத் தேதியில் இருந்து? திருப்பூரில் நடக்கும் வழக்கம் உங்களுக்கே தெரியும். சரக்கு டெலிவரி ஆகிவிடும், "பில் இப்போது போடாதீங்க, ஷிப்மென்ட் போகட்டும், மெர்ச்சண்டைசர் ஓகே சொல்லட்டும்" என்பார்கள். பில் போட்டாலும் 'பில் பாஸ்' ஆக இரண்டு மாதம். சட்டத்துக்கு உங்கள் பில் தேதியும் அவர்கள் பில் பாஸ் செய்த தேதியும் பொருட்டில்லை. சரக்கு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு. ஆகவே உங்களிடம் இருக்கும் காகிதத்திலேயே மதிப்பு மிக்கது பில் அல்ல, டிசி. அவர்கள் கேட்டில் சீல் வைத்து, தேதி போட்டு, பீஸ் எண்ணிக்கை எழுதி, யாரோ கையெழுத்துப் போட்ட அந்த டெலிவரி சலான். கேட்டில் அவசரமாக வாங்கி மெஷினுக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்திருப்பீர்கள். இன்றைக்கே எல்லாவற்றையும் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த டிசிக்கு எந்த பில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்ய முடியாது, வக்கீலும் முடியாது.

டெபிட் நோட் விஷயத்திலும் இதே டிசிதான் பேசும். சரக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்து 15 நாளுக்குள், எழுத்தில், குறை சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளும் அந்தச் சட்டம். அக்டோபரில் வாங்கியதற்கு ஜனவரியில் கறை தெரிந்தது என்றால், நடுவில் இரண்டரை மாதம் அந்த டீ ஷர்ட் எங்கே இருந்தது? நீங்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, டெலிவரி ஆன 15 நாளுக்குள் தரம் பார்க்கும் கியூசி ஆளோ மெர்ச்சண்டைசரோ கறை பட்ட பீஸின் போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார்களா? அனுப்பியிருந்தால் 'எழுத்தில் சொன்னோம்' என்று வாதிட அவர்களுக்கு இடமுண்டு. நீங்கள் அதற்கு என்ன பதில் போட்டீர்கள், மாற்றிக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். அந்த உரையாடலை அழித்துவிட வேண்டாம், எதிராக இருந்தாலும் சரி. வாட்ஸப், மின்னஞ்சல் பதிவுகளைச் சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். அந்த நேரம் வந்தால் வக்கீல் பார்த்துக்கொள்வார், போனை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இரண்டாவது, கறை பட்ட பீஸைத் திருப்பிக் கேளுங்கள். எத்தனை பீஸ், எந்த சைஸ், எந்தக் கலர் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது, ஏனென்றால் அந்த பீஸ் கண்டெய்னரில் ஏறிப் போயிருக்கும். ஏற்றுமதி ஆன பீஸுக்கு எதற்கு டெபிட் நோட்? உண்மையிலேயே குறை இருந்து பீஸ் திரும்பி வந்தால் மறுக்காதீர்கள், உங்கள் தைப்பில் போன எண்ணெய் என்றால் அந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பதுதான் நியாயம். ஆனால் விலை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு டீ ஷர்ட்டுக்கு உங்கள் கூலி எவ்வளவு, அவர்கள் பிடித்தது எவ்வளவு? நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், அவர்கள் லாபம் எல்லாம் சேர்ந்த முழு விலையை ஒரு தையல் யூனிட்டின் தலையில் கட்டுவது இந்த ஊர் வழக்கம். எழுதிப் பதில் கொடுங்கள், வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். தாமதப் பணப் புகார்களை விசாரிக்கும் கவுன்சிலுக்குப் போனாலும் அங்கே அவர்கள் எதிர் உரிமை கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது, ஆகவே பதில் கடிதம் கோப்பில் இருப்பது முக்கியம்.

அமெரிக்க வரி. 2025 ஆகஸ்ட் 27-ல் 50 சதவீதம் ஆனபோது உங்கள் ஊர் பட்டபாடு எனக்கும் தெரியும், கம்பெனி முழுக்கப் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பையர் பணம் தந்தால்தான் நான் தருவேன் என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பேச்சுவார்த்தையில் இரக்கம் காட்டலாம், கணக்கில் காட்ட வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் கையில் உள்ள பெரிய துருப்பு மார்ச் மாதம்தான், ஏப்ரல் 2-ம் தேதி அதற்குப் பாதி மதிப்புகூட இருக்காது. முன்வரியின் (அட்வான்ஸ் டேக்ஸ்) கடைசித் தவணை மார்ச் 15. அந்தத் தவணைக்குக் கம்பெனியில் லாபக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு வாரமாவது முன்னால் உங்கள் கடிதம் அங்கே இருக்க வேண்டும். முதலாளிக்கு எழுத வேண்டாம், அவர் கோபப்படுவார். அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு எழுதுங்கள், அவர் பயப்படுவார். கோர்ட், கேஸ், வக்கீல் என்ற சொற்கள் ஒன்றும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, ஆண்டுக் கணக்கு முடிக்கும் பொருட்டு எங்கள் பாக்கி விவரத்தை இத்துடன் இணைத்துள்ளோம். எங்கள் யூனிட் உத்யமில் பதிவு பெற்ற குறு உற்பத்தி நிறுவனம். சான்றிதழ் நகல் இணைப்பில் உள்ளது. இணைப்பில் கண்ட பில்கள் அனைத்தும் சரக்கு ஒப்படைத்து 45 நாள் கடந்தவை. மார்ச் 31-க்குள் தொகையைச் செலுத்தினால் தங்கள் கணக்கிலும் எங்கள் கணக்கிலும் பாக்கி இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். டெபிட் நோட் குறித்து எங்கள் பதிலைத் தனியே அனுப்பியுள்ளோம். பாக்கி விவரத்தில் வேறுபாடு இருந்தால் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

43பி(எச்) என்று எழுதவே வேண்டாம். 'குறு உற்பத்தி நிறுவனம்', '45 நாள் கடந்தவை', 'மார்ச் 31' மூன்றையும் ஒரே தாளில் பார்த்தால் அவருக்குப் புரியும். மின்னஞ்சலிலும் அனுப்பி, ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025-ல் அதோடு சேர்ந்துவிட்டது). இந்தக் கடிதம் போன பிறகு உங்கள் பதிவைப் பற்றித் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. அவர்களுடைய ஆண்டு அறிக்கையில் குறு, சிறு நிறுவனங்களுக்கு உள்ள பாக்கியைத் தனியாகக் காட்ட வேண்டும், வரித் தணிக்கை அறிக்கையிலும் காட்ட வேண்டும். உங்கள் கடிதம் கோப்பில் இருக்கும்போது அவர்களுடைய ஆடிட்டர் கண்ணை மூடிக்கொள்ளத் தயங்குவார்.

கடிதம் அனுப்பும் முன் ஒரு சோதனை. உத்யம் சான்றிதழை எடுத்து, முக்கியத் தொழில் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'மேனுஃபேக்சரிங்' அல்லது 'சர்வீசஸ்' என்று இருந்தால் நல்லது. 'டிரேடிங்' என்று இருந்தால் உடனே திருத்துங்கள். வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு தந்தது பேங்க் கடன் வசதிக்கு மட்டும்தான், தாமதப் பணத்துக்கான உரிமை அவர்களுக்கு இல்லை. பிரவுசிங் சென்டரில் அவசரத்தில் டிரேடிங் என்று தட்டிவிட்ட சான்றிதழ்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

பணம் முழுதாக வராமல் 'பேசலாம் வாங்க' என்று கூப்பிட்டால் போங்கள். வட்டியை விட்டுக்கொடுக்கலாம், டெபிட் நோட்டில் நியாயமான பங்கை விட்டுக்கொடுக்கலாம், அசலை விட வேண்டாம். மார்ச் 31-க்குள் என்று சொல்லி ஏப்ரல் தேதியிட்ட செக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது அவர்களுக்கும் வரியில் உதவாது, உங்களுக்கும் உதவாது. கேட்டால் இதையே சிரித்துக்கொண்டு சொல்லுங்கள்.

நெருக்கடி கொடுக்க வேறு சில கயிறுகளும் உண்டு. பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அந்த பில்லில் எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். செப்டம்பர் 15 தேதியிட்ட பில் இருந்தால் மார்ச் 14-ல் 180 நாள் முடிகிறது. தொகை சிறிதுதான், ஆனால் ஜிஎஸ்டி தணிக்கையில் கேள்வி வரும் இடம். அது பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், 45 நாள் தாண்டிய குறு, சிறு பாக்கிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ-1 படிவத்தில் கம்பெனி விவகாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரைக்கான படிவத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30.

டிரெட்ஸ் (பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கும் இணையத் தளம்) பற்றியும் விசாரியுங்கள். விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இந்தத் தளத்தில் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் பில்லை அதில் ஏற்றி, கம்பெனி 'சரி' என்று ஒப்புக்கொண்டால், பேங்குகள் ஏலம் எடுத்துச் சிறிது தள்ளுபடியில் உங்களுக்குச் சில நாளில் பணம் தந்துவிடும். பிறகு கெடு வரும்போது பேங்க் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும், அவர்கள் தராவிட்டாலும் உங்களிடம் திரும்பி வராது. சேர்ந்த கம்பெனிகளிலும் பலர் பில்லை ஒப்புக்கொள்வதில்லை என்பதுதான் இதில் ஓட்டை. பழைய பாக்கிக்கு இது உதவாது. ஏப்ரலில் புது ஆர்டர் பேசும்போது '90 நாளே வைத்துக்கொள்ளுங்கள், டிரெட்ஸில் பில்லை ஏற்றுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகமும் கெடாது, உங்கள் சனிக்கிழமையும் நடக்கும்.

கேஸ் போட்டால் பணம் வருமா என்று கேட்டீர்கள். வரும். எப்போது என்பதுதான் கேள்வி. 2025-ல் வந்த புதிய ஓடிஆர் (இணையவழித் தகராறு தீர்வு) தளத்தில் மனு கொடுக்கலாம், அது குறு, சிறு நிறுவன வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். நீங்கள் இருக்கும் பகுதியின் கவுன்சிலே விசாரிக்கும், கம்பெனி மும்பையில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வர வேண்டும். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் விசாரணை. மனு கொடுத்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த 90-ஐ நம்பி நகையை மீட்கும் தேதி குறிக்காதீர்கள்.

ஆனால் தீர்ப்பு வந்தால் பலமாக வரும். வட்டி ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2025 டிசம்பரில் பேங்க் ரேட் 5.50 சதவீதம் ஆனது, மூன்று மடங்கு 16.5. பத்தரை லட்சத்துக்கு நான்கு மாதம் என்றாலே ஏறக்குறைய 59 ஆயிரம். அந்த வட்டியை அவர்கள் வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் முதலில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த 75 சதவீதத்தைத் தவிர்க்க ரிட் மனு என்று உயர் நீதிமன்றத்துக்கு ஓடுபவர்கள் உண்டு. எந்தச் சூழலில் அப்படி ஓடலாம் என்ற கேள்வியை, நம் ஊர் தமிழ்நாடு சிமென்ட்ஸ் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது.

என் யோசனை, இப்போது கவுன்சிலுக்குப் போக வேண்டாம். உங்கள் வேலையில் பெரும்பங்கு அந்த ஒரே கம்பெனிதான் என்கிறீர்கள். மனு போன மறுநாள் கட்டிங் பீஸ் வருவது நின்றுவிடும், அதைத் தாங்க இரண்டாவது கம்பெனி கையில் இல்லை. மார்ச் கடிதத்தை முதலில் பாருங்கள். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் பாதி மெஷினையாவது வேறு இடத்து வேலைக்குத் திருப்புங்கள். ஜூனிலும் பணம் வரவில்லை என்றால் மனு போடுங்கள், அதற்குள் ஓடும் வட்டி எங்கும் போய்விடாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறதே, இந்த விதி இருக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். பிரிவு எண்தான் மாறுகிறது, விதி அப்படியே தொடர்கிறது. அடுத்த மார்ச்சிலும் இது உங்கள் கையில் இருக்கும்.

2021 பாக்கிக்கு வருகிறேன். அப்போது நீங்கள் பதிவு செய்திருக்கவில்லை, அதனால் பக்கத்து யூனிட்காரருக்குக் கீழே சொல்லும் சிக்கல் உங்களுக்கும் உண்டு. அதைத் தாண்டினாலும் இன்னொரு தடை இருக்கிறது. மூன்று வருஷக் காலவரம்பு தாண்டிய பணத்துக்கும் கவுன்சிலில் சமரசம் கேட்கலாம், ஆனால் நடுவர் விசாரணைக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தெளிவாக்கியது. ஆக, கூப்பிட்டுப் பேச வைக்க முயலலாம், வற்புறுத்தி வாங்குவது கடினம். இடையில் அவர்கள் சிறு தொகை கொடுத்திருந்தாலோ, பாக்கி இருக்கிறது என்று கையெழுத்தோடு எழுதித் தந்திருந்தாலோ காலம் அந்தத் தேதியில் இருந்து புதிதாக ஓடியிருக்கும். அவர்களுடைய பேலன்ஸ் ஷீட்டில் உங்கள் பெயரில் பாக்கி காட்டியிருந்தாலும் வாதிட இடமுண்டு. கம்பெனியாக இருந்தால் அதை இணையத்தில் கட்டணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம். இவை ஒன்றும் இல்லையென்றால் அந்த 1 லட்சத்து 80 ஆயிரத்துக்காகப் புதிதாகச் செலவு செய்யாதீர்கள்.

பக்கத்து யூனிட்காரர் விஷயம் சிக்கல். வேலை செய்த நேரத்தில் பதிவு இல்லாதவர் பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தில் வர முடியாது என்றுதான் 2021, 2022 தீர்ப்புகள். 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் இரண்டு நீதிபதிகள், முன்கூட்டியே பதிவு கட்டாயமில்லை என்று கருத்துச் சொல்லி, முடிவாகத் தீர்க்க மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். ஆகவே பழைய பாக்கிக்கு அவர் சிவில் வழக்கையோ, செக் திரும்பியிருந்தால் அந்த வழியையோதான் நம்ப வேண்டும். செக் திரும்பிய தகவல் பேங்கில் இருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும், அதைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இனிமேல் தைப்பதற்காவது இந்த வாரமே உத்யமில் பதிவு செய்யட்டும். ஆதார், பான், ஜிஎஸ்டி நம்பர் போதும், அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தொழில் வகையில் 'மேனுஃபேக்சரிங்' என்று தட்டுகிறார்களா என்று திரையைப் பார்த்த பிறகு சமர்ப்பிக்கட்டும்.